புகார்ப் பெட்டி

அச்சுக்கு அனுப்பும் பொத்தானை அக்கா அழுத்தினாள். திரை ஒரு கணம் வெளுத்தது. அவ்வளவுதான், மென்பொருள் தன்பாட்டுக்கு மூடிக்கொண்டது. காலையிலிருந்து கண் வலிக்க வலிக்க வெட்டித் திருத்தி, நெற்றி நிழலைத் தணித்துக் கொண்டுவந்த தம்பியின் முகம் திரையை விட்டுப் போய்விட்டது.

"சனியனே!" என்றாள்.

பழக்க தோஷம். கை தானாகக் கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தியது. இந்த மென்பொருள் மூடிக்கொள்ளும்போதெல்லாம் தம்பியைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டுவது அவள் வழக்கம். திட்டி முடித்தால்தான் அடுத்த வேலை ஓடும்.

மேசை மூலையில், ஆஸ்பத்திரியில் கொடுத்த பாலிதீன் பைக்குள் ஏதோ அதிர்ந்தது. அவன் கடிகாரம், அலுவலக அட்டை, திறக்காத சாப்பாட்டு டப்பா, கூடவே கைப்பேசி. கீறல் விழுந்த அதன் கண்ணாடியில் அக்காவின் பெயர் வரவில்லை. 'புகார்ப் பெட்டி அழைக்கிறது' என்று வந்தது.

அவசரமாக அழைப்பை நிறுத்தினாள். இத்தனை வருஷமாக இந்தப் பெயரிலா என்னை வைத்திருந்தாய் என்று கேட்கக்கூட இனி ஆள் இல்லை.

தம்பி முந்தின நாள் காலை பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே சரிந்துவிட்டான். நெஞ்சுதான். விழுந்தது நடைபாதையின் கல் விளிம்பில், முகம் கீழாக. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த அக்காவின் கணவர், "முகத்தை மூடித்தான் கொண்டுவருவாங்க. அம்மாவைத் தொறந்து பாக்க விடாதே" என்று மட்டும் சொன்னார். ஆகவே வருகிறவர்களுக்கும் அம்மாவுக்கும் இனி அவன் முகம் என்பது தலைமாட்டில் வைக்கப்போகும் படம்தான். அந்தப் படம் அக்காவின் பொறுப்பு. ஸ்டூடியோ வைத்திருப்பவளிடம் வேறு என்ன வேலையைக் கொடுப்பார்கள்?

ஊரார் முகத்தையெல்லாம் பிடித்தவளிடம் தம்பி தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. காமிராவைக் கண்டால் ஓட்டம் பிடிப்பான். கிடைத்தது ஸ்டூடியோ திறந்த அன்று எடுத்த கூட்டப் படம் ஒன்றுதான். ஓடிவிடாமல் இருக்க அக்கா அவன் தோளை அழுத்திப் பிடித்திருக்கிறாள். சுற்றியிருந்த எல்லோரையும் மறைத்து, அந்தக் கையையும் மறைத்தால் படம் தயார். மறைத்தும் விட்டாள். அச்சுக்குத்தான் போக மாட்டேன் என்கிறது.

பகலில் குடிநீர் அலுவலகத்தில் பில் போடுகிற எழுத்தர் அவன். வீட்டுக்கு வந்தால் இந்த மென்பொருள். உலகமெங்கும் எத்தனையோ பேர் இலவசமாகப் புகைப்படம் திருத்துகிறார்கள் இதில். அதைப் பழுது பார்க்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாருக்கும் சம்பளம் கிடையாது. படத்தை அச்சுக்கு அனுப்புகிற பகுதி தம்பியின் பொறுப்பு. அம்மாவின் அகராதியில் அதற்கு 'வெட்டி வேலை' என்று பெயர்.

"கம்பெனி சாஃப்ட்வேருக்கு மாசாமாசம் ஏன்கா வாடகை கட்டி அழறே? இதுக்கு மாறிடு. ஏதாவது ஆச்சுன்னா நாங்க இருக்கோம்ல" என்று சொல்லி அக்காவின் ஸ்டூடியோவையே இதற்கு மாற்றியவனும் அவன்தான். அந்த 'நாங்க' என்பது நாளடைவில் அவன் ஒருவன் என்று ஆயிற்று. வேண்டாததை மூட மறைப்பு போட்ட படங்களை அச்சுக்கு அனுப்பினால் சில சமயம் மூடிக்கொள்கிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த பதிப்புல சரியாயிடும்கா. என் மேசையிலதான் இருக்கு."

"உன் மேசையில எதுதான்டா இல்ல?"

கணவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஆயிடுச்சா? ஆஸ்பத்திரியிலேருந்து வண்டி கிளம்பிடுச்சாம்."

"மூடிக்கிது."

"வேற எதுலயாவது தொறந்து பாரேன்."

"தொறந்தேன். எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கூழா வருது. திரையை அப்படியே படம் புடிச்சும் பாத்தேன், பெருசு பண்ணா மூஞ்சி சல்லடையா இருக்கு."

"காசு குடுத்து வாங்கியிருந்தா, புடிச்சுக் கத்தறதுக்காவது ஒரு ஆள் இருந்திருப்பான்."

"இருந்தானே" என்றாள் அக்கா.

அவர் வெளியே போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பயனர்கள் குறை சொல்வதற்கு ஒரு பக்கம் உண்டு என்று அக்காவுக்குத் தெரியும். எட்டிப் பார்த்ததில்லை. வீட்டுக்குள்ளேயே அதிகாரி இருக்கும்போது வரிசையில் யார் நிற்பார்கள்? இன்று நின்றாள். 'நீங்கள் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை என்று தெரியும். அதற்காக ஒரு பிழையை இத்தனை மாதமா போட்டு வைப்பீர்கள்? எனக்கு இந்தப் படம் இன்னும் ஒரு மணி நேரத்தில் வேண்டும். நாளைக்குக் கிடைத்துப் பிரயோஜனம் இல்லை' என்று எழுதி அனுப்பினாள்.

பாலிதீன் பைக்குள் 'டிங்' என்றது.

புரியச் சற்று நேரம் பிடித்தது. அந்தப் பகுதியைப் பற்றி யார் புகார் எழுதினாலும் பொறுப்பாளருக்குத் தகவல் போகும். பொறுப்பாளர் என்ற இடத்தில் முகத்துக்குப் பதில் ஒரு ஓணான் படம் இருந்தது, பெயரும் ஓணான். சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறான் என்று அவள் வைத்த பெயர். அவள் கூப்பிட்டால் சண்டைக்கு வருவான். அங்கே போய் அதையே சூட்டிக்கொண்டிருக்கிறான்.

எந்த தேசத்திலிருந்தோ ஒருவர் பதில் போட்டார். 'மன்னிக்கவும். இந்தப் பகுதியைக் கவனிக்கும் ஓணான் நேற்றிலிருந்து வரவில்லை. இப்படித் தாமதிக்கிறவர் அல்ல. அந்தக் கோப்பை அனுப்பினால் நான் பார்க்கிறேன்.'

அக்கா தம்பியின் முகத்தை இணைத்து அனுப்பினாள். பைக்குள் மறுபடி 'டிங்'.

இரண்டு தடவை கணவர் ஹாரன் அடித்தார். அம்மா ஒரு தடவை போன் செய்து, "படம் என்னாச்சு?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள். கடைசியில் வந்தது.

'மறைப்பு ஓர் இடத்தில் படத்தின் எல்லையைத் தாண்டி நீண்டிருந்தது. அங்கேதான் தடுக்கி விழுகிறது. தோளில் உள்ள கையை மூடியிருந்த மறைப்பு அது, அதை எடுத்துவிட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அச்சுக்குப் போகிறது, ஆனால் கை தெரியும். இந்தக் கோப்பை எங்கள் சோதனைப் படங்களோடு வைத்துக்கொள்ளலாமா? ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடும் முன்னால் இதைத் திறந்து சரிபார்ப்போம். இந்தப் பிழை மறுபடி தலைகாட்டாது. ஓணான் வந்ததும் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.'

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா? ஒரு ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததற்கா இத்தனை மாதம்? இதைச் சரிபண்ண உனக்கு ஒரு சாயங்காலம் கிடைக்கவில்லையா? ஊரில் உள்ளவனுக்கெல்லாம் கிடைத்தது, கூடப்பிறந்தவளுக்குக் கிடைக்கவில்லையா? கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பான். "ஆமாக்கா, தப்புதான்கா" என்றிருப்பான். அவன் தலையாட்டாத திட்டு என்ன திட்டு?

கையை அழிக்க நேரமில்லை. அச்சு இயந்திரத்திலிருந்து தம்பி மெல்ல மெல்ல, தலைமுடியில் தொடங்கி, வெளியே வந்தான். சட்டமிட்டுத் துடைத்து, பாலிதீன் பையையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள்.

வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் தெரு வரைக்கும் போட்டிருந்தன. தம்பியைக் கூடத்தில் கிடத்தி முகத்தை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அம்மாவின் கை துணியின் ஓரத்திலேயே இருந்தது. அக்கா படத்தைத் தலைமாட்டில் வைத்ததும் அந்தக் கை துணியை விட்டது.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். "யாரு கை அது?"

"என்னோடதும்மா. அழிக்கத்தான் பாத்தேன். முடியல."

"அதை ஏன்டி அழிக்கப் போனே? இருந்துட்டுப் போகட்டும்."

வெயில் தாழ்வதற்குள் எடுத்துவிட்டார்கள். ஆண்கள் வண்டியோடு போனார்கள். சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக, கூடத்தில் அம்மாவும் அக்காவும் படமும் மிஞ்சினார்கள். அம்மா பாலிதீன் பையை மடியில் வைத்திருந்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவவா என்று அக்கா கேட்டதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டாள்.

அக்கா தன் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். 'படத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஓணானிடம் கேட்க வேண்டியதில்லை. படத்தில் இருப்பது அவன்தான். நேற்றுக் காலை இறந்துவிட்டான். நான் அவன் அக்கா.'

அனுப்பினாள். அம்மாவின் மடியில் 'டிங்' என்றது.

அம்மா குனிந்து பார்த்தாள். "யாருடி அது, இந்நேரத்துக்கு அவனுக்கு?"

"அவன்கூட வேலை செஞ்சவங்கம்மா."

"தண்ணி ஆபீஸ்காரங்கதான் காலையிலேயே வந்துட்டுப் போயிட்டாங்களே."

"அவங்க இல்ல. அந்த..." 'வெட்டி வேலை' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "கம்ப்யூட்டர்ல பண்ணுவான்ல, அது."

மறுபடி ஒலித்தது. அடுத்தடுத்து இரண்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"எத்தனை பேர்டி?"

"தெரியலம்மா."

"வரச் சொல்ல வேண்டியதுதானே. ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டுப் போகட்டும்."

"தூரம்மா எல்லாரும். முகத்தை இப்பதான் பாக்கறாங்க."

டிங். டிங். அக்கா கை நீட்டினாள். "குடு, அணைச்சு வெக்கறேன்."

அம்மா கொடுக்கவில்லை. சுருட்டி மடித்திருந்த பையின் வாயைப் பிரித்துவிட்டு, மடியில் நேராக வைத்துக்கொண்டாள். சத்தம் இப்போது நன்றாகக் கேட்டது.