வேலைக்குப் போன முரசு

1.
இந்தக் கதை எனக்குக் காது வழியாக வந்தது. எங்கள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருந்த முரசு, ஒரு நாள் சாவு வீட்டில் முழங்கக் கேட்டேன். எப்படி வெளியே வந்தது என்று விசாரித்தால் ஆப்பிரிக்காவின் இந்தக் கரீபா ஏரிக்கரையே சிரிக்கிறது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, நானே எழுதிக்கொள்கிறேன்.

2.
முதல் தொடக்கம்: 'டோங்கா மக்களின் பண்பாட்டுச் செல்வங்களைப் பாதுகாக்கும் உயரிய நோக்கத்துடன்...' (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: 'காப்பாளர் சூல்வே கண்ணீர் மல்க...' (அழமாட்டாள். அவளை எனக்குத் தெரியும். மனசு சரியில்லை என்றால் தரையைப் பெருக்குவாள்.)

ஆகவே பெருக்குகிறாள். அன்று காலை ஊர்ப் பெரியவர் சியான்சாலி இறந்துபோனார். அணை நீர் பழைய ஊரை விழுங்கியபோது அவருடைய அப்பா தோளில் சுமந்து கரையேற்றிய முரசு அது. பத்திரமாக இருக்கட்டும் என்று சியான்சாலிதான் இங்கே கொடுத்திருந்தார். அந்தப் பெரிய முரசு தொடங்கினால்தான் மற்ற முரசுகள் தொடங்கும். அவை முழங்காமல் பிணத்தை எடுக்கமாட்டார்கள். தலைநகரில் இருக்கும் இயக்குநரோ, ஒரு பொருள் வாசலைத் தாண்டினால் சூல்வேயின் வேலை போகும் என்று கறாராகச் சொல்லியிருக்கிறார். சாவு வீட்டார் கேட்டனுப்பிய முரசைக் கொடுக்கவும் முடியாமல் மறுக்கவும் மனமில்லாமல் விளக்குமாறோடு நிற்கிறாள், பாவம்.

3.
அப்போது கருவாடு விற்கும் பீனா மூன்கா, அதாவது மூன்காவின் அம்மா, தள்ளுவண்டியோடு வந்தாள்.

(இவள் குலமும் சூல்வே குலமும் கேலி முறை. நம்மூர் மாமன் மச்சான் கேலியெல்லாம் இதன் கால்தூசி. சாவு வீட்டிலும் வைவார்கள். கண்ணில் பட்ட பொருளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்குக் கோபித்துக்கொண்டால் கோபித்தவருக்குத்தான் அசிங்கம்.)

"என்ன மதினி, நான் கருவாட்டக்கூட கண்ணாடிக்குள்ள வைக்கமாட்டேன். நீ முரச வச்சிருக்கே."

"போடி கவிச்ச நாத்தம். வெளிய குடுக்கக் கூடாதுன்னு சட்டம்."

"உன்கிட்ட குடுன்னு யாரு கேட்டா? நான் எடுத்துட்டுப் போறேன். உங்க குலம் என்னிக்கும் பறிகுடுத்துட்டு முழிக்கிற குலந்தானே."

"பெட்டி பூட்டியிருக்கு."

"சாவி?"

"மேசை மேல இருக்கு. நீ அந்தப் பக்கம் பாக்காதே."

'சூல்வேயின் நெஞ்சில் கடமையும் மரபும் மோதிக்கொண்டன, அவள்...' (பயந்தாள். அவ்வளவுதான்.)

முரசு வண்டியில் ஏறியது. சூல்வே வாசல் வரை ஓடினாள்.

"ஏய், தோல நனைச்சிடாதே."

"அழுதா நனையத்தான் செய்யும். அதுக்கு நான் என்ன பண்றது?"

4.
முடிவுகள். முரசு கிழிந்து திரும்புகிறது: எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. இயக்குநர் மனம் மாறி ஓடிவந்து ஆடுகிறார்: இது என் ஆசை. நீங்கள் நம்பமாட்டீர்கள்.

எனக்கு வந்தது இவ்வளவுதான். காலிப் பெட்டியில் சூல்வே ஓர் அட்டையை எழுதி வைத்தாள்: 'முரசு இன்று வேலைக்குப் போயிருக்கிறது.' வைத்த கையோடு தூரத்தில் அது முழங்கத் தொடங்கியது. இத்தனை வருஷம் துடைத்து வைத்த பொருளின் குரலை முதன்முதலாகக் கேட்டாள், சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டாள். மேசையில் போன் அடித்தது. இயக்குநர்.

அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. நீங்களே எடுத்துப் பேசுங்கள். உண்மையோ பொய்யோ, உங்கள் இஷ்டம். ஜன்னலை மட்டும் சாத்திவிடாதீர்கள். அவரும் இந்தக் கரையில் பிறந்த பிள்ளைதான், கேட்கட்டும்.