மன்னிப்பு செரிக்காதவன்

இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்யும் அந்தப் பட்டறையை அண்ணனும் தம்பியுமாக நடத்தினார்கள். வருகிறவர்களுக்கு அவர்கள் பெரியவர், சின்னவர். பெரியவர் வாய் ஓயாமல் பேசுவார். சின்னவன் வேலையில் புலி, ஆனால் அவசரக்குடுக்கை.

அந்த அவசரம்தான் வினையானது. கம்பி வெட்டும் மெஷினில் மாட்டுகிற டிஸ்க் ஒன்று அவன் கை தவறிக் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தான். ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல். புதுசு வாங்கக் கடைக்குப் போக வேண்டும். கதவோ அன்றைக்கே கொடுத்தாக வேண்டியது. ஒப்பேற்றிவிடலாம் என்று அதையே மாட்டினான். அண்ணனிடம் மூச்சுவிடவில்லை. அவர் எதிரில் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது டிஸ்க் சிதறி, ஒரு சில்லு அவருடைய இடது கண்ணில் பாய்ந்தது. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டு எல்லாவற்றையும் கொட்டினான். அண்ணன் கட்டுப் போட்ட முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெகுநேரம் சுவரையே பார்த்துக் கிடந்தார். பிறகு கையை நீட்டி அவன் தலையைத் தடவினார்.

"சரிடா. மன்னிச்சிட்டேன். எழுந்திரு, முட்டி வலிக்கும்."

செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பான். இது தொண்டையில் மாட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து தண்டனையைத் தானே எழுதிக்கொண்டான். மெத்தையை விட்டுச் சிமெண்டுத் தரையில் படுத்தான். மத்தியானச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுக்கும் நேரம் பார்த்து ஆலயத்துக்கு வெளியே நழுவிவிடுவான். "எனக்கும் அதே மாதிரி செய்யுங்க ஆண்டவரே" என்பதுதான் அவன் ஜெபம். மனைவி கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். கடைசியில், "உங்களுக்கு நீங்களே ஜட்ஜு, நீங்களே ஜெயிலு. நானும் பிள்ளையும் என்ன தப்பு செஞ்சோம், உங்ககூட உள்ள கெடக்க?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அண்ணன் ஒற்றைக் கண்ணோடு வேலைக்குத் திரும்பினார். கம்பியைப் பிடிக்கப் போய்க் காற்றைப் பிடிப்பார். "பக்கத்துலதான் இருக்கு, கைய நீட்டினா புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கிட்டு விலகுது" என்று அவரே சிரிப்பார். அந்தச் சிரிப்பு தம்பியை அறுத்தது.

ஒருநாள் காலை அவன் கண்ணாடியைத் தூர வைத்துவிட்டு, பொறி பறக்கிற பக்கமே முகத்தைக் கொடுத்துக் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பொறிகள் கன்னத்தில் சுட்டன. இமைக்காமல் கண்ணைத் திறந்து வைத்திருந்தான்.

மெஷின் சட்டென்று நின்றது. அண்ணன் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்.

"என்னடா பண்ற? வேணும்னேதான பண்ற?"

"உனக்குப் போனது எனக்கும் போகட்டும்ணே."

அண்ணன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அத்தனை மாதமும் வெளியே வராத கோபம் அப்போதுதான் வந்தது.

"உன் கண்ணு போனா என் கண்ணு வந்துடுமா? நான் என்ன லேசா மன்னிச்சிட்டேன்னு நினைச்சியா? செவுத்தப் பாத்துப் படுத்திருந்தேனே, அப்ப உன்னைக் கொன்னு போடணும்னுதான் இருந்துச்சு. அதைத் தாண்டி வந்துதான்டா கைய நீட்டினேன். அதை வாங்காம தினம் தினம் என் மூஞ்சியிலயே விட்டெறியற."

"எனக்கு அதுக்குத் தகுதி இல்லண்ணே."

"இல்லதான். தகுதி இருந்தா அதுக்குப் பேரு கூலி. சிலுவையில ஒருத்தர் தொங்கினது உனக்குப் பத்தலையா? நீயும் மேல ஏறி, அவரை இடிச்சுத் தள்ளிட்டு நிக்கணுமா? இறங்குடா கீழ."

சின்னவன் இரும்புத் தூள் படிந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மத்தியானம் அண்ணன் அவனைக் கையோடு தம் வீட்டுக்கு இழுத்துப் போனார். விபத்துக்குப் பிறகு அவன் அந்த வாசலை மிதித்ததில்லை. அண்ணன் சமையலறைக்குள் போய் நடந்ததைச் சொல்வது கேட்டது. அண்ணி வந்து சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

"அவர் மன்னிச்சிட்டார் தம்பி. எனக்கு இன்னும் ஆறல. அவர் தண்ணி டம்ளரைத் துழாவறப்பெல்லாம் உங்க மேல பத்திக்கிட்டு வருது. அதை நான் மறைக்க மாட்டேன்."

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது அவனுக்கு.

"ஆனா நீங்க பட்டினி கெடந்தா என் கோபம் ஆறும்னு யார் சொன்னா? ஒரு நாளும் ஆறல. சாப்பிடுங்க."

முதல் கவளம் இறங்க மறுத்தது. கண்ணீர் சோற்றில் சொட்டியது. நெஞ்சு லேசாகிவிட்டது என்று சொல்ல முடியாது. டிஸ்க் சிதறிய சத்தம் காதுக்குள் இன்னும் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் மென்று விழுங்கினான். அண்ணி மறுபடி கரண்டியோடு வந்தாள். போதும் என்று தடுக்க அவன் கை பாதி எழுந்தது.

"வாங்கிக்கோடா" என்றார் அண்ணன்.

அவன் கையை இறக்கிக்கொண்டான். அண்ணி போட்டாள்.