வாசலுக்குப் பன்னிரண்டு எட்டு

அந்தப் பயிற்சியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முந்தின நாள் சித்தேரி மலையடியில் பாஞ்சாலியைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பிள்ளை பெற்று நான்கு நாள். நெற்றி என் கைக்குச் சுட்டது. தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பதுதான் காட்டியது. அதை நம்பி, காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டேன். பிள்ளை பெற்றவளின் காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

நர்சுகள் தங்கள் கருவிகளைத் தாங்களே சோதிக்கப் பழக வேண்டும் என்று எழுபத்தொன்றில் நடந்த பயிற்சி அது. சொல்லித்தர வந்த கிருஷ்ணப்பன், எங்கள் ஆறு தெர்மாமீட்டர்களையும் தன்னுடைய சரிபார்த்த ஒன்றையும் வெந்நீர்க் குவளையில் நிறுத்தினார். மூன்று நிமிடம் கழித்து, நீரிலிருந்து எடுக்காமலே குனிந்து படித்தார். ஏழும் நூற்றிரண்டு.

"எல்லாம் பாஸ்."

நான் எழுந்தேன்.

"என்னடி ராஜமேரி, உக்கார்ற எடத்துல எறும்பா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்சு தீர்த்தம்மாள்.

"சார், தண்ணிக்குள்ளயே வச்சு யாருங்க பாக்கறோம்? வூட்டுக்குள்ள இருட்டு. வாசலுக்குக் கொண்டாந்துதானுங்க பாக்கறோம்."

"கொண்டு போனா என்னம்மா? பாதரசம் எறங்காது. அதுக்குத்தானே இடுக்கு இருக்குது?"

உண்மைதான். குமிழுக்குச் சற்று மேலே குழாய் மயிரிழையாகக் குறுகியிருக்கும். சூட்டில் விரியும் பாதரசம் அதில் முட்டிப் புகுந்து மேலேறும். ஆறும்போது அந்த இடத்தில் அறுந்து, ஏறினது ஏறினபடி நிற்கும். உதறினால்தான் இறங்கும். அந்த இடுக்கே சரியாக அமையாமல் போனால்?

என்னுடையதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். பன்னிரண்டு எட்டு. மழைக்காற்று சில்லென்று அடித்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பது. பார்க்கப் பார்க்க இன்னும் இறங்கியது.

கிருஷ்ணப்பன் வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "நாலு ஊர்ல இப்படியேதாம்மா பாஸ் போட்டுட்டு வந்தேன்."

"சார், எனக்கு உங்க தெர்மாமீட்டர் வேணும். ஜீப்பும் வேணும்."

மலையடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாஞ்சாலி வாய் உலர்ந்து பிதற்றிக்கொண்டிருந்தாள். நூற்று நான்கு.

"நேத்து இல்லேன்னியே நர்சம்மா?" என்றாள் அவள் மாமியார் குள்ளம்மாள்.

"தப்பு என்னுதுங்க ஆத்தா. கால் பக்கம் புடிங்க, ஜீப்புல ஏத்தணும்."

தர்மபுரி ஆஸ்பத்திரியில் பென்சிலின் போட்டு, ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனால் அதுவரை நான் காத்திருக்கவில்லை. அந்தத் தெர்மாமீட்டர் என் கைக்கு வந்து இரண்டு மாதம். காய்ச்சல் இல்லை என்று நான் எழுதிய பெயர்கள் நோட்டில் நாற்பத்தொன்று இருந்தன. அவளைச் சேர்த்த மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அவர்களைத் தேடிக் கிளம்பினேன்.