மூன்று வாரமாக அடித்த வாடை

படகு டேங்கின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்து, முகப்பவுடரைத் தூவிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பின்மூலையில் வெள்ளைப் பவுடர் மெல்ல நனைந்து கறுத்தது. டீசல்.

எங்கள் பாய்மரப் படகு சின்னது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். படிக்கட்டுக்குப் பின்னால் ஒரு பொந்தில் என்ஜினும் டேங்கும். மூன்று வாரமாக அங்கே வாடை அடிக்கிறது என்று நான் சொல்லாத நாளில்லை. "மூக்கு இருக்கிற வரைக்கும் சளி இருக்கும்டி, படகுன்னா வாடை இருக்கும்" என்று முதலில் கிண்டல் செய்தார் என் கணவர். பிறகு, "எனக்கு ஒண்ணும் அடிக்கலையே, டாக்டர்கிட்ட போய் மூக்கைக் காட்டு" என்றார். கல்லூரியில் படிக்கும் மகளைக் கேட்டேன். அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

பதினெட்டு வருடமாகக் கேண்டீனில் சமைக்கிறவள் நான். கேஸ் குழாய் கசிந்தால் எல்லாருக்கும் முன்னால் என் மூக்குக்குத் தெரியும். அந்த மூக்கையே நம்பாமல் போனேன். போன திங்கட்கிழமை முதலாளியிடம், "கொஞ்ச நாளைக்கு என்னை அடுப்புகிட்ட விடாதீங்க, இல்லாத வாடையெல்லாம் அடிக்குது" என்று நானே சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய் நின்றேன். "மாசக் கடைசி வரைக்கும் பாப்போம், அப்புறம் அடுப்புக்கு வேற ஆள்தான்" என்றார் அவர். இன்று இருபத்தெட்டாம் தேதி.

கறுத்த இடத்தை நகத்தால் சுரண்டினேன். சாம்பல் பெயிண்ட் தோலாக உரிந்து வந்தது. உள்ளே மெழுகு போல ஏதோ அடைத்திருந்தது. மோந்து பார்த்தேன். டீசலுக்கு அடியில் எலுமிச்சை. என் குளியல் சோப்பு! பிரித்த அன்றே காணாமல் போனது. "நீயே எங்கயாவது வெச்சிருப்ப" என்று அதற்கும் நான்தான் பேச்சு வாங்கினேன்.

ஓட்டையில் சோப்பை அடைப்பது அவர் லாரி ஓட்டிய காலத்து வித்தை. வாங்கும்போதே டேங்க் துருப்பிடித்திருக்கிறது என்று நான் சொன்னேன். அதை ஒப்புக்கொள்ள மனசு வராமல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். இதோ, இன்னும் ஒரு மணி நேரத்தில் மகளோடு தீவுக்குக் கிளம்பப் போகிறார். துறைமுக வாசலில் இரண்டு பக்கமும் பாறை. காற்று நின்றுபோனால் என்ஜின்தான் கதி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கைப்பம்பால் டீசலை மூன்று கேன்களில் இறைத்தேன். குழாய்களைப் பிடுங்கினேன். டேங்கைப் பிடித்திருந்த பட்டைகளின் போல்ட்டைக் கழற்றும்போது விரல் முட்டியில் தோல் உரிந்தது. டேங்கை இழுத்துப் படகுத்துறைப் பலகையில் போட்டபோது இருவரும் பைகளோடு வந்து நின்றார்கள்.

"ஏன்டி, உனக்கென்ன பைத்தியமா? கிளம்புற நேரத்துல..."

சோப்பை நீட்டினேன். "பைத்தியம்னுதான் நானும் மூணு வாரமா நெனச்சிட்டிருந்தேன்."

"இந்த ஒரு தடவை போயிட்டு வந்து வெல்டிங்குக்குக் குடுக்கலாம்னுதான்..."

"குடுங்க, யாரு வேணாம்னா? ஆமா, வாடை அடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு உங்களுக்கு?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் பையை டேங்குக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

"சோப்பை நான்தான்மா எடுத்துக் குடுத்தேன். தெரிஞ்சா நீ போக விடமாட்டன்னு அப்பா சொன்னாரு."

"உனக்கும் வாடை அடிச்சுதா?"

"மொத நாள்லேர்ந்தே."

டீசல் கையோடு போனை எடுத்தேன். முதலாளியின் எண்ணை அழுத்தி அவளிடம் கொடுத்தேன்.

"சொல்லு. எங்கம்மா மூக்குல ஒரு கோளாறும் இல்லன்னு சொல்லு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டேங்கின் மூலையிலிருந்து மிச்ச டீசல் சொட்டுச் சொட்டாக இறங்கி, பலகையில் ஓடி, அவள் பையின் அடியை நனைக்கத் தொடங்கியது.