பழுப்பு மெழுகுவத்தி

புதுச்சேரி, 20 நவம்பர் 1935. கடிகாரம் பழுதுபார்க்கும் யூஜின் என் வீட்டுப் போனோகிராபைக் கழற்றிக் கெடுத்தார், இறந்துபோன என் மகளின் குரலை அழித்தார் என்று எங்கள் தெரு முழுவதும் பேசுகிறது. அது பொய். அப்பொய்யை நம்பித் தம் கடிகாரங்களைக் கடலூருக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். நெடுங்காலம் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லி ஓய்வு பெற்றவன் நான். செய்யாத வினைக்கு ஒரு மனிதரை எழுவாயாக்குவதை என்னால் பொறுக்க இயலாது.

ஆனந்தமேரி எங்கள் ஒரே மகள். அவளுக்கு ஒன்பது வயது நடந்தபோது, துறைமுக அலுவலகத்திலிருந்த பிரெஞ்சுக்காரர் முசியே லெபோ தம் போனோகிராபின் ஊதுகுழலை அவள் முகத்துக்கு நேரே திருப்பி, எதையாவது பேசச் சொன்னார். எதிர்வீட்டு ஆடு தன் ஞானோபதேசப் புத்தகத்தைத் தின்ற கதையை அவள் சொன்னாள். நடுவில், “திருத்தமாகப் பேசு” என்று என் குரலும் கேட்கும். அதற்கு அவள் சிரிப்பாள். சிரிப்பு முடிவதற்குள், குரல் பதிந்த அந்த மெழுகு உருளை முடிந்துவிடும்.

மறு ஆண்டு வாந்திபேதியில் அவள் போனாள். பிரான்சுக்குக் கப்பலேறிய முசியே, பொறியையும் அந்த ஓர் உருளையையும் எங்களிடம் விட்டுச் சென்றார். ஒரே முறை கேட்டோம். சிரிப்பு வந்த இடத்தில் என் மனைவி அந்தோணிமேரி எழுந்துபோய்ப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அன்றே நான் பெட்டியைப் பூட்டினேன். பூட்டிய பெட்டியை அவள் நாள்தோறும் துடைத்தாள். ஞாயிறுதோறும் அதன் முன் மெழுகுவத்தி ஏற்றினாள். திறக்கச் சொல்லி மட்டும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு அவளுடைய இரண்டு கண்களிலும் புரை முற்றியது. சர்க்கரை வியாதி இருப்பதால் கத்தி வைக்க இயலாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். சுவரிலிருந்த மகளின் படம் அவளுக்கு வெறும் சுவராயிற்று. இந்த அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“மூஞ்சி மறந்துபோவுதுங்க எனக்கு. கொரலையாவது ஒருவாட்டி கேட்டுடறேன். அந்தப் பொட்டியத் தொறங்க.”

திறந்தேன். பொறியை முடுக்கும் சாவி திருகவில்லை. ஆகவே யூஜினை அழைத்தேன். பெட்டி வீட்டைவிட்டுப் போகக்கூடாதென்று அவள் சொன்னதால், அவர் எங்கள் கூடத்திலேயே கோணி விரித்து உட்கார்ந்தார். உருளையை அதன் அட்டைக் கூட்டோடு எடுத்து மாடத்தில் வைத்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றினார். வில்சுருளின் மேல் பழைய கொழுப்பு தார்போல் இறுகிக் கிடந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈயக் குண்டுகளின் அச்சு துரு ஏறி அசைய மறுத்தது. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, அந்தோணிமேரியின் முறத்தில் வரிசையாக அடுக்கினார். அவளும் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வோர் உறுப்பையும் தடவிப் பார்த்து, இது என்ன, இது என்ன என்று கேட்டபடியே இருந்தாள். ஊசி பதித்த, ஒலியெழுப்பும் அப்பிரகத் தகடு அவள் விரலில் பட்டபோது யூஜின் வேடிக்கையாகச் சொன்னார்:

“அது பாப்பாவோட தொண்டைம்மா. பாத்துப் புடிங்க. சளி கட்டியிருக்கு, தொடச்சித் தரேன்.”

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, அந்தத் தகட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். கேட்டால் தர மறுத்தாள். நானும் சிரித்தேன்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஆண்டு முழுவதும் எரிந்து மிஞ்சிய மெழுகை, கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் வத்தி ஊற்றும் அலெக்சாண்டரின் கூடையில் போடுவோம். அவர் அதை உருக்கிப் புது வத்தியாக ஊற்றி, அந்தந்த வீட்டுக் கல்லறைக்கென்று திருப்பித் தருவார். ஒரு துண்டு மெழுகை வீட்டில் நிறுத்திவைத்தாலும் இறந்தவருக்கு அந்த அளவு வெளிச்சம் குறையும் என்பது நம்பிக்கை. ஆதலால் பெண்கள் மூலை முடுக்கெல்லாம் தேடுவார்கள்.

அலெக்சாண்டர் வந்த காலையில் நான் மீன் வாங்க வைத்திக்குப்பம் போயிருந்தேன். யூஜின் தோல்வார் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் நாள் மாலை உப்பளத்துக் கல்லறையில் நாங்கள் மகளின் சிலுவைக்கு முன் நின்றோம். அலெக்சாண்டர் தந்த வத்தி இவ்வாண்டு கட்டையாகவும் பழுப்பாகவும் இருந்தது. தனியே ஊற்றித் தரும்படி அந்தோணிமேரிதான் கேட்டிருந்தாளாம். அது சீராக எரியவில்லை. படபடவென்று வெடித்தது, கறுப்பாகப் புகைந்தது, சோப்புக் காய்ச்சுகிற நாற்றம் அடித்தது. மட்டமான மெழுகு என்று நான் அலெக்சாண்டரை வைதேன். அவள் மட்டும் அந்தச் சுடருக்கு இருபுறமும் கையை வைத்து, அது அணையும்வரை காற்று மறைத்துக்கொண்டு நின்றாள்.

வீடு திரும்பியபோது யூஜின் பொறியின் உறுப்புகளை மறுபடி பூட்டி முடித்துக் காத்திருந்தார். திருநாளன்றே அவள் கேட்கவேண்டும் என்று அப்படி ஏற்பாடு செய்திருந்தோம். அந்தோணிமேரி முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தகட்டைக் கொடுத்தாள். அவர் அதைப் பொருத்திச் சாவி கொடுத்தார். பொறி இருமல்கூட இல்லாமல் ஓடிற்று. அவள் கால் கழுவி வந்து பெட்டியின் முன் உட்கார்ந்து, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

யூஜின் மாடத்தில் கைவிட்டுத் தேடினார். அட்டைக் கூடு கிடைத்தது. உள்ளே ஒன்றுமில்லை.

இதற்குள் இருந்தது எங்கே என்று நான் கேட்டேன்.

“அந்த மெழுவா? தடவிப் பாத்தேன், பூசணம் பூத்துக் கெடந்துச்சே. அலெக்சாண்டர்கிட்ட குடுத்துட்டேன். எம்பொண்ணுக்குன்னு அத வெச்சித் தனியா ஊத்தச் சொன்னேன்.” பிறகு, “நீங்க போடுங்க” என்றாள்.

குரல் பெட்டியில் இருப்பதாகவே அவள் நினைத்திருந்தாள். அத்தனை ஆண்டுகள் அவள் துடைத்ததும் வத்தி ஏற்றியதும் பெட்டிக்குத்தான்.

நான் வாய் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் யூஜின் ஊசியை, உருளை மாட்டும் வெற்று உலோகத் தண்டின்மேல் இறக்கினார். உலோகத்தை உலோகம் கீறும் ஒலி கேட்டது. அவள் முன்னே சாய்ந்து அதற்குள் எதையோ தேடினாள். அவர் ஊசியைத் தூக்கிவிட்டுச் சொன்னார்:

“மன்னிச்சிடுங்கம்மா. அழுந்தத் தொடச்சிட்டேன். தொண்டை போயிடுச்சி.”

அவள் அழவில்லை. யூஜினைப் பார்த்து, பார்வையில்லாத கண்களால் பார்த்து, ஒரே ஒரு சொல் சொன்னாள்: “பாவி.”

வாசல்வரை அவரோடு போனேன். இது நியாயமன்று, உள்ளே வந்து உண்மையைச் சொல்வோம் என்றேன். அவர் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“கண்ணுதான் போச்சி அவங்களுக்கு. தன் கையாலயே கொளுத்துனோம்னு இதையும் சொமக்கணுமா வாத்தியாரய்யா? எம்மேலயே கெடக்கட்டும்.”

கிடந்தது. மறுநாள் முதல் அந்தோணிமேரி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லி ஆற்றிக்கொண்டாள். கேட்டவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். இப்போது யூஜினின் கடையில் மாட்டியிருக்கும் கடிகாரங்கள் அனைத்தும் அவருடையவையே. நேற்று அவ்வழியே போனேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வணக்கம் சொன்னார்.

எங்கள் வீட்டில் பொறி குறையில்லாமல் இருக்கிறது. அந்தோணிமேரி இப்போது அதைத் துடைப்பதில்லை. அந்தக் கல்லறை வத்தியை நினைத்தால் மட்டும் அவளுக்கு நிம்மதி. அவ்வளவு சூடான வத்தி எந்த ஆண்டும் அமைந்ததில்லை என்று என்னிடம் இருமுறை சொல்லிவிட்டாள். அந்த ஒன்றை அவளிடமிருந்து பறிக்க எனக்குத் துணிவில்லை. பறிக்காமல் யூஜினின் பெயரைக் காப்பாற்ற எழுத்தைத் தவிர வேறு வழியுமில்லை. அவளால் இதைப் படிக்க இயலாது.

ஆகவே இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன். நின்றுபோன உங்கள் கடிகாரத்தை நாளைக் காலையில் யூஜினிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். கையில் கடிகாரத்தோடு எங்கள் வாசலைக் கடக்கையில், அந்தப் பாவியிடமா போகிறீர்கள் என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டால், ஆம் என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் சொல்லாதீர்கள்.