போயிட்டு வா

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் குரல் நடுக்கத்துக்கு மூளைக்குள் கம்பி வைக்கிறார்கள். கம்பியில் கரண்டு ஏறியதும் நடுக்கம் வாய் வழியாக இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு கிளம்பும். நோயாளி விழித்திருந்து, அதைப் பார்த்து 'போ' என்று சொல்ல வேண்டும். அதோடு சிகிச்சை முடிந்தது.

நான் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பவன். 'கோவை' என்று நான் சொன்னால் கோ-கோ-கோவை என்றுதான் வரும். எங்கள் ஓட்டுநர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அத்தனை கோவைக்கும் போய்விட்டுத்தான் திரும்புவார்கள். சில கோவைகளில் பயணிகள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்களாம். என் மகள் கோமதிக்குக் கோவையில் வேலை கிடைத்திருந்தது. அவள் சரியான கோவையில் போய் இறங்க வேண்டுமே. அதனால்தான் தலையைக் கொடுக்கச் சம்மதித்தேன்.

டாக்டர் ஹென்றி ஞானராஜ் மண்டையில் துளை போட்டுக் கம்பியை இறக்கினார். நெஞ்சுத் தோலுக்குக் கீழே பேட்டரி வைத்தார். "ஆ சொல்லுங்க" என்றார். சொன்னேன். நடுக்கம் இறங்கி என் எதிரில் நின்றது. என் ஜாடைதான், கொஞ்சம் மெலிவு.

"அப்ப நான் வரட்டுமா?" என்றது.

"போயிட்டு வா" என்றேன்.

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னங்கய்யா இப்படிச் சொல்லிட்டீங்க? போயிட்டு வான்னா அது வராம என்ன செய்யும்?"

கிளம்புகிற ஒருவரிடம் வேறு எப்படித்தான் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை. சாயங்காலமே அது கடம்பூர் போளிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டது. "வெறுங்கையோட வரலை பாருங்க" என்று என் மனைவி பேச்சியம்மாள் போளியைத் தட்டில் எடுத்து வைத்தாள். தின்று முடித்ததும் அது பழையபடி என் வாய்க்குள் ஏறிக்கொண்டது.

மறுநாளிலிருந்து அவளே எனக்குப் பயிற்சி கொடுத்தாள். வாசலில் நின்று, "நான் கிளம்புதேன்" என்பாள். நான் 'போ' என்று சொல்ல வேண்டும். நாக்கு எழும்பவில்லை. பால்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் அப்புறம் வரவில்லை. மச்சினனிடம் சொன்னேன், அவனும் வரவில்லை. ஒருவழியாகப் 'போ' பழகிவிட்டது.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நடுக்கம் இறங்கி நின்று, "வரட்டுமா?" என்றது.

"போ."

"நெசமாவா?" என்றது. கோமதியை நினைத்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னேன். அது பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனது.

கோமதி கிளம்பும் நாளில் மைக்கைப் பிடித்து, "கோவை செல்லும் பேருந்து" என்றேன். ஒரே ஒரு கோவை. ஓட்டுநர் எனக்கு ஒரு கும்பிடு போட்டார். நான் வண்டியருகே ஓடினேன். கோமதி ஜன்னலில் தலையை நீட்டி, "அப்பா, போயிட்டு வரட்டுமா?" என்றாள்.

"போ" என்று வந்தது.

மிச்சத்தைத் தேடினேன். வாயில் எங்கும் இல்லை. அவள் முகம் வாடிவிட்டது. அப்போது அவளுடைய பக்கத்து இருக்கையிலிருந்து, மடியில் பையோடு, நடுக்கம் எட்டிப் பார்த்தது. போ என்று சொல்லிவிட்டால் அதுவும் எங்கேயாவது போகத்தானே வேண்டும்.

"போ-போயிட்டு வா-வாம்மா" என்றது.

கோமதியின் முகம் தெளிந்தது. "சரிப்பா" என்று அதனிடம் சொன்னாள். யாருக்கு யார் கையசைப்பது என்று தெரியாமல் நின்றேன். வண்டி கிளம்பிவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் கோமதி போன் செய்தாள். பேச்சியம்மாள் எடுத்தாள். மகளின் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, சரியான கோவைதான். அப்பாவும் நல்லபடியா வந்து சேந்துட்டாவ. சாப்பிட்டுக்கிட்டு இருக்காவ."

பேச்சியம்மாள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் புது டம்ளரை எடுத்துத் துடைத்தாள்.

"அவுக மகளக் கொண்டு விட ஊருக்குப் போயிருக்காவ, வந்துருவாவ. நீங்க உக்காருங்க, காப்பி குடிக்கியளா?" என்றாள்.

"சீனி கம்மியா" என்றேன். குரல் துளிகூட நடுங்கவில்லை.