வராத பந்துகளின் கணக்கு

எந்த வயதில் நூற்றுக்கு எத்தனை பேர் போய்ச் சேருவார்கள் என்று காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் போடுவது அவருடைய வேலை. ஊர் ஹாக்கி கிளப்பின் செயலாளர் ஒரு பல் டாக்டர். "ரெண்டு கோல்கீப்பர்ல யாரை வெச்சுக்கலாம்னு நீங்கதான் கணக்குப் போட்டுச் சொல்லணும்" என்று டாக்டர் கேட்டபோது, கணக்குக்காரரின் வாய் நிறையப் பஞ்சு. தலையை மட்டும் ஆட்டினார். பஞ்சை எடுத்த பிறகுதான், இரண்டு பேரில் ஒருவன் தன் மைத்துனன் என்று சொல்ல முடிந்தது.

"எண்ணுக்கு மாமன் மச்சான் தெரியாதே சார்" என்றார் டாக்டர். அது கணக்குக்காரரே அடிக்கடி சொல்வதுதான்.

போன வருட ஆட்டங்களின் வீடியோக்களை அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று சத்தத்தை அணைத்துவிட்டார். மைத்துனன் நின்ற ஆட்டங்களில் கோலை நோக்கி எதிரணியின் அடி ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்து வந்தது, அதில் ஏழைத் தடுத்திருந்தான். நூற்றுக்கு எழுபது. மற்றவன் வாயே திறக்காத நெட்டையன். அவனுக்கு இருபது அடி, பதினாறைத் தடுத்திருந்தான். நூற்றுக்கு எண்பது. இரட்டிப்பு வேலை வந்தும் சளைக்காதவன் என்று நெட்டையனுக்கு ஒரு வரி பாராட்டும் சேர்த்து டாக்டருக்கு அனுப்பினார்.

மறுவாரம் மைத்துனன் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"என் தம்பி நூத்துக்கு எழுபதுதான்னு சொன்னீங்களாமே?" என்று மனைவி கேட்டாள்.

"நான் சொல்லல. எண்ணு சொல்லுது."

"அப்ப காபியும் அதுகிட்டயே கேட்டுக்குங்க."

நெட்டையன் நின்ற நான்கு ஆட்டங்களில் மூன்று தோல்வி. டாக்டர் அசரவில்லை. "எண்பதுல இருந்து எண்பத்திரண்டுக்கு வந்துட்டான் சார், நல்ல முன்னேற்றம்" என்று போனில் சந்தோஷப்பட்டார். எண் ஏறியும் ஆட்டம் தோற்கிறதே என்பது அதைக் கேட்டபிறகுதான் கணக்குக்காரருக்கு உறைத்தது.

அடுத்த ஆட்டத்துக்கு நேரில் போனார். ஹாக்கியைச் சத்தத்தோடு கேட்பது அதுவே முதல் தடவை. நான்கு ஆட்டம் வாயை மூடிப் பொறுத்திருந்த மைத்துனன், அன்று பெஞ்சிலிருந்து தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். "இடது பக்கம் காலி! பின்னால வா! அவனை விடாதே!" தடுப்பாட்டக்காரர்கள் அவன் சொன்ன இடத்துக்கெல்லாம் ஓடினார்கள். பந்து கோல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நெட்டையன் கையுறையைக் கழற்றி மூக்கைச் சொறிந்துகொண்டான்.

நடுவர் வந்தார். "பெஞ்சுல இருந்து இன்னொரு சத்தம் வந்தா வெளியே அனுப்பிடுவேன்."

மைத்துனன் வாயை மூடிக்கொண்டான். அடிகள் சரமாரியாக வர ஆரம்பித்தன. நெட்டையன் விழுந்து புரண்டு தடுத்தான். குறை சொல்ல முடியாது. நான்கு உள்ளே போயிற்று.

மறுநாள் கணக்குக்காரர், பல்வலி இல்லாமலேயே டாக்டரிடம் போனார்.

"என் மச்சான் நின்னா கத்திக் கத்தியே பாதி அடியை வரவிடாம பண்ணிடுறான். வர்றதெல்லாம் தப்பிச்சு வர்ற கஷ்டமான அடி. நான் வந்ததை மட்டும் எண்ணிட்டேன்."

"வராத பந்தை எப்படி சார் எண்ணுறது?"

"ஆட்டத்துக்கு எத்தனை கோல் விட்டாங்கன்னு பார்த்தா அதுல தெரிஞ்சிடும். அவனுக்கு மூணு, நெட்டையனுக்கு நாலு."

"அதை எங்க வாட்ச்மேனே சொல்லியிருப்பாரே" என்றார் டாக்டர்.

அந்த வாரமே மைத்துனனை மறுபடி கோலில் நிறுத்துவதென்று முடிவாயிற்று.

சனிக்கிழமை உடை மாற்றும் அறையில் மைத்துனனின் கால் கவசத்துக்கு வார் போட்டுக்கொண்டே தொண்டையைச் செருமினார். "உன்னை உட்கார வெச்சது..."

"நீங்கதான். அக்கா அன்னைக்கே போன் பண்ணிட்டா. இன்னும் இறுக்குங்க மாமா, தொளதொளங்குது."

முழு பலத்தையும் போட்டு இறுக்கினார்.

அன்று ஏழு அடிதான் வந்தது. அதில் இரண்டு உள்ளே போனது. ஒன்று அவன் கால்களுக்கு நடுவிலேயே. ஆனாலும் மூன்றுக்கு இரண்டு என்று கிளப் ஜெயித்தது. வீட்டுக்கு நடக்கும்போது மைத்துனனுக்குக் குரலே எழும்பவில்லை. காற்றாகத்தான் கேட்டான். "மாமா, இன்னைக்கு நூத்துக்கு எவ்வளவு?"

"ஒரே ஆட்டத்தை வெச்சு ஒண்ணும் சொல்லக் கூடாது."

"அப்ப சொல்லாம வாங்க" என்றாள், முன்னால் போய்க்கொண்டிருந்த மனைவி.